வாடகை வீட்டின் மேல் இன்னொரு கடன்

சென்னைக்குத் தெற்கே சிறுசேரி சிப்காட் ஐ.டி. வளாகத்தைச் சுற்றி, ஏகாட்டூரிலும் படூரிலும் தாழம்பூரிலும் கேளம்பாக்கத்திலும், பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு ஒரு போன் அழைப்பு நன்றாகப் பழகியிருக்கும். "சார், உங்க ஹவுசிங் லோன் பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. டாப்-அப் எலிஜிபிளா இருக்கீங்க. இருபது லட்சம் வரைக்கும் பண்ணித் தரலாம். எதுக்கு வேணும்னாலும் யூஸ் பண்ணிக்கலாம்." மறுத்துவிட்டு வைத்துவிடலாம். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வருமுன் ஒரு கணக்கு ஓடத்தான் செய்யும். வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டுகிறது. வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பணத்தை எடுத்து இன்னொரு வீடு வாங்கினால், அதற்கும் வாடகை வரும், அதுவும் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் அல்லவா?

கட்டிக்கொள்ளாது. இந்த ஊர் விலையிலும் இந்த ஊர் வாடகையிலும் அந்தக் கடனைக் கட்டப்போவது உங்கள் சம்பளம். வீடு வெறும் ஜாமீன்தான். இதை ஒப்புக்கொண்ட பிறகும் மறுகடன் வாங்கலாம், வாங்குவதற்கு நல்ல காரணங்களும் உண்டு. ஆனால் முடிவை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தக் கதவு வழியாக

ஏற்கெனவே கடன் உள்ள குடியிருப்பின் மேல் கூடுதல் பணம் எடுக்க நடைமுறையில் மூன்று வழிகள். இருக்கும் வங்கியிலேயே டாப்-அப் வாங்குவது ஒன்று. வட்டி வீட்டுக் கடனை ஒட்டியே இருக்கும், காகித வேலையும் குறைவு. வேறு வங்கிக்குக் கடனை மாற்றி, மாற்றும்போதே கூடுதல் தொகை வாங்குவது இரண்டாவது. இதைத்தான் ஏஜென்ட்கள் 'டேக் ஓவர்' என்கிறார்கள். மூன்றாவது சொத்து அடமானக் கடன், வங்கிக்காரர் வாயில் எல்.ஏ.பி. இதில் வட்டி வீட்டுக் கடனைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடும், காலம் குறையும், மதிப்பில் ஐம்பது அறுபது சதவீதம் வரைதான் பொதுவாகக் கொடுப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டியே கடன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் அலுவலகக் கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் உரியது. ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அது ஓடாது.

மதிப்பு என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போட்டிருக்கும் விலையை வங்கி பார்க்காது. அதன் மதிப்பீட்டாளர் யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) எவ்வளவு, கட்டடத்துக்கு எத்தனை வயது, அண்மையில் பதிவான பத்திரங்களில் என்ன விலை என்று பார்த்து ஒரு எண் போடுவார். அது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம். விற்கப் போனால் கைக்கு வரும் தொகைக்கு அந்த எண்தான் பக்கம்.

கணக்கைப் போடுவோம்

உங்கள் எண்களை வைத்து நீங்களே போட வேண்டிய கணக்கு இது. மாதிரிக்காக மட்டும் இந்த எண்கள்.

ஃபிளாட்டின் மதிப்பு 60 லட்சம். பாக்கிக் கடன் 14 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 12 வருடம், இ.எம்.ஐ. சுமார் 15,500 ரூபாய். வாடகை மாதம் 20,000. ஆனால் ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் வருடத்தில் ஒரு மாதம் போய்விடும். புரோக்கர் கமிஷன், பெயின்ட், பிளம்பிங், வீட்டு வரி, உரிமையாளர் தலையில் விழும் சங்கச் செலவு எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 40,000 பிடிக்கும். ஆக நிகர வாடகை வருடத்துக்கு 1,80,000, மாதம் 15,000. மதிப்பில் மூன்று சதவீதம். இப்போதைய நிலையில் வாடகையும் இ.எம்.ஐ.யும் ஏறக்குறைய சரியாக நிற்கின்றன. "வீடு தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது" என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. கடன் சின்னதாகிவிட்டதால் வந்த சமநிலை அது. வாடகை பெரிதாக இருப்பதால் அல்ல.

மதிப்பில் 60 சதவீதம், அதாவது 36 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 15 வருட எல்.ஏ.பி. எடுத்துப் பழைய கடனை அடைக்கிறீர்கள். கையில் 22 லட்சம். புது இ.எம்.ஐ. 37,600. அந்த 22 லட்சத்தை வைத்து 70 லட்சத்துக்கு ஒரு ரீசேல் ஃபிளாட். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். எனவே கடன் 56 லட்சம், கையிலிருந்து 14 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 6.3 லட்சம். மீதி 1.7 லட்சம் புரோக்கர், லீகல், பிராசஸிங் என்று கரைந்துவிடும். 22 லட்சமும் முடிந்தது. 56 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 வருட இ.எம்.ஐ. 48,600.

இரண்டு இ.எம்.ஐ.யும் சேர்த்து 86,200. இரண்டு வீட்டின் நிகர வாடகையும் சேர்த்து, அதே மூன்று சதவீதத்தில், 32,500. மாதம் 53,700 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். நேற்று வரை போனது ஐந்நூறு ரூபாய்.

இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். இரண்டாவது ஃபிளாட்டுக்காக நீங்கள் பட்ட புதுக் கடன் 78 லட்சம். அதற்கான முதல் வருட வட்டியும், பழைய 14 லட்சத்தின் வட்டி ஏறியதால் வந்த கூடுதலும் சேர்ந்து ஏறத்தாழ 7 லட்சம். அந்த ஃபிளாட் தரும் நிகர வாடகை 2.1 லட்சம். இடையில் கிட்டத்தட்ட 5 லட்சம். 70 லட்ச ரூபாய் வீடு வருடாவருடம் ஏழு சதவீதம் விலை ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்தில் நிற்பீர்கள். தொடக்கத்தில் பதிவுக்கும் கமிஷனுக்கும் போன 8 லட்சத்தை மீட்பது அதற்கு மேல். பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் 2010-களின் நடுவில் வாங்கிவிட்டு, பல வருடம் வாங்கிய விலையிலேயே உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் ஏழு சதவீதம் என்பது சின்ன எண் அல்ல என்று சொல்வார்கள்.

வட்டி நகர்ந்தால்? 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், உங்கள் கடன் வட்டியை நகர்த்தும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. பிறகு 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. இறக்கத்தில் டாப்-அப் அழைப்புகள் கூடுவது இயல்பே. மேலே போட்ட கணக்கில் மொத்தக் கடன் 92 லட்சம். 2022-இல் ஏறியதுபோல இரண்டரை சதவீதம் ஏறினால் வருட வட்டி 2.3 லட்சம் கூடும். வங்கி உங்களைக் கேட்காமல் காலத்தை நீட்டிவிடும் வழக்கத்துக்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் கடிவாளம் போட்டது. இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வு இப்போது கடன்தாரருக்கு உண்டு; நிலையான வட்டிக்கு மாற விடுவது வங்கியின் விருப்பம். தேர்வு இருக்கிறது, வட்டி குறைந்துவிடவில்லை.

எல்லாம் ஒரே வாசலில்

சிறுசேரிக்கென்றே தனியான ஓர் ஆபத்து உண்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு எழுதப்பட்ட முதலீட்டுப் புத்தகங்களில் இது இருக்காது. வீட்டு உரிமையாளர் ஐ.டி. வேலையில் இருக்கிறார். குடியிருப்பவரும் ஐ.டி. வேலையில். வாங்க நினைக்கும் இரண்டாவது வீடும் நாவலூரிலோ கேளம்பாக்கத்திலோ, அங்கே குடிவரப் போகிறவரும் அதே சிப்காட் வளாகத்துக்குப் போய் வருபவர். சம்பளம், வாடகை, சொத்து மதிப்பு மூன்றும் ஒரே வளாகத்தின் வாசலில் நிற்கின்றன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை என்றபோது, வாடகைக்கு இருந்த பசங்க சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஓ.எம்.ஆர். முழுக்க 'டு-லெட்' பலகைகள். கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தது, அந்த மாதங்களின் வட்டி அசலோடு சேர்ந்துகொண்டது. பிறகு கம்பெனிகள் அலுவலகத்துக்கு அழைத்தன, வாடகை மீண்டது. 2025 ஜூலையில், சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ்., உலகெங்கும் தன் ஊழியர்களில் இரண்டு சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இதனால் சிறுசேரி காலியாகிவிடாது. ஆனால் உங்கள் வேலையும் உங்கள் குடித்தனக்காரர் வேலையும் ஒரே வாரத்தில் ஆட்டம் காணக்கூடும் என்பதை மறந்து கணக்குப் போடக்கூடாது.

"டேட்டா சென்டர் வருது சார், மெட்ரோ வருது சார்" என்பார்கள். வருவது உண்மைதான். அதானிகனெக்ஸ், சிஃபி போன்றவற்றின் தரவு மையங்கள் சிப்காட்டில் இயங்குகின்றன. ஆனால் தரவு மையத்துக்கு வேண்டியது மின்சாரமும் குளிர்ச்சியும். ஆட்கள் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கில் ஆள் வைக்கும் மென்பொருள் வளாகம் தரும் வாடகைக் கிராக்கியைச் சர்வர்கள் தரமாட்டா. மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் வருகிறது. அது நல்ல செய்தி, அதே சமயம் பழைய செய்தி. விற்பவர் அதை ஏற்கெனவே விலையில் ஏற்றிவிட்டார். மேலும் மெட்ரோ இருபக்கமும் ஓடும்: சிறுசேரியில் வேலை செய்பவர் திருவான்மியூரிலோ அடையாறிலோ குடியிருந்து வந்து போகவும் அது வழி செய்யும்.

எனவே இரண்டாவது முதலீடு வேறு ஊரில், வேறு தொழிலை நம்பி இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். அதே தெருவில் இரண்டாவது ஃபிளாட் வாங்குவது வசதி, அவ்வளவே.

அந்தப் பணம் எங்கே போகிறது

கடற்கரைப் பக்கம் மனை வாங்கலாம் என்ற ஆசை இந்தப் பகுதியில் பலமானது. திருப்போரூர், நெம்மேலி, மாமல்லபுரம் என்று ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் வேன்கள் போகின்றன. மனைக்கு வாடகை கிடையாது. 22 லட்சம் 9.5 சதவீதத்தில் என்றால் வருடத்துக்கு 2.09 லட்சம் வட்டி, முழுதும் கையிலிருந்து. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வரும். எட்டு மனைகளுக்கு மேலான அல்லது 500 சதுர மீட்டருக்கு மேலான லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான ரெரா பதிவு எண் கேளுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று முடித்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பங்குச் சந்தையில் போடவா? ஒன்பதரை சதவீதத்துக்கு வாங்கி, வரிக்குப் பிறகு அதற்கு மேல் சம்பாதிக்க வேண்டும், அதுவும் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டே. கடன் விண்ணப்பத்தில் 'ஊக வணிகத்துக்குப் பயன்படுத்தமாட்டேன்' என்று பெரும்பாலும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி நாணயக் கொள்கை அறிவிப்பில் அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் டாப்-அப் வீட்டுக் கடன்களைத் தனியே எடுத்துப் பேசினார். கடன் தொகையின் அளவு, பணம் எதற்குப் போகிறது என்ற கண்காணிப்பு முதலியவற்றில் சில நிறுவனங்கள் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றும், அந்தப் பணம் உற்பத்திக்கு உதவாத இடங்களுக்கோ ஊக வணிகத்துக்கோ போய்விடலாம் என்றும் எச்சரித்தார். "எதுக்கு வேணும்னாலும் யூஸ் பண்ணிக்கலாம்" என்று போனில் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு: வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்பதாலேயே அதன் வட்டியைக் கழிக்கலாம் என்று. எந்த வீடு அடமானம் என்று சட்டம் பார்க்காது. பணம் எதற்குச் செலவானது என்றே பார்க்கும். 22 லட்சம் இரண்டாவது ஃபிளாட் வாங்கப் போயிருந்தால், அதன் வட்டி இரண்டாவது ஃபிளாட்டின் வாடகையில் கழியும். பெண் கல்யாணத்துக்கோ மனை வாங்கி வெறுமனே போட்டு வைக்கவோ போயிருந்தால் வாடகையில் கழியாது. எனவே கடன் பணம் வந்த கணக்கிலிருந்து நேரே விற்பவர் கணக்குக்குப் போகட்டும். நடுவில் வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் பிற்பாடு நிரூபிப்பது தலைவலி.

வட்டி வாடகையை மிஞ்சினால் வரும் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பது பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான். மீதியை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம், ஆனால் வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். புதிய முறையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் கழிக்கவும் வழியில்லை, எடுத்துச் செல்லவும் வழியில்லை. ஐ.டி. ஊழியர்கள் பலரும் இன்று புதிய முறைக்குப் போய்விட்டார்கள். 'வட்டி கட்டினால் வரி மிச்சம்' என்ற அண்ணன் காலத்து அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது.

எப்போது வாங்கலாம்

வாடகையே வராது என்று வைத்துக்கொண்டு இரண்டு இ.எம்.ஐ.யையும் கூட்டுங்கள். கைக்கு வரும் சம்பளத்தில் அது பாதியைத் தாண்டக்கூடாது. மேலே உள்ள கணக்குக்கு மாதம் 1.75 லட்சமாவது கைக்கு வர வேண்டும். ஆறு மாத முழு இ.எம்.ஐ., சுமார் 5.2 லட்சம், வைப்பு நிதியில் தனியே இருக்க வேண்டும். குடித்தனக்காரர் கொடுத்த அட்வான்ஸை இதில் சேர்க்காதீர்கள். அது உங்கள் பணம் அல்ல. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அது பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கவும் கூடாது. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடென்றால், ஒருவர் சம்பளத்தை மட்டும் வைத்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், குறிப்பாக இருவரும் ஒரே துறையில் இருந்தால்.

இதற்கெல்லாம் தேறினால் மறுகடன் நல்ல கருவிதான். பதினான்கு சதவீதத்தில் ஓடும் பர்சனல் லோனை ஒன்பதுக்கு மாற்றுவது, மாற்றிய பிறகு பழைய காலத்துக்குள்ளேயே அடைப்பது, புத்திசாலித்தனம். அதே வீட்டில் பாத்ரூம், வயரிங், ஏ.சி. லைன் எல்லாம் சரிசெய்து வாடகையை 20,000-இலிருந்து 24,000 ஆக்க மூன்று லட்சம் எடுப்பதும் அப்படியே. வருடம் 48,000 கூடுதலாக வரும், மூன்று லட்சத்துக்குப் பதினாறு சதவீதம். புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டியையும் அந்த வாடகையில் கழிக்கலாம். இந்தச் சின்ன உபயோகத்தைப் பற்றி யாரும் போன் பண்ணிச் சொல்வதில்லை.

விற்பது என்ற வழியையும் ஒருமுறை மேஜையில் வையுங்கள். "கட்டின வீட்டை விக்கிறதா?" என்று அம்மா கேட்பார், மாமியாரும் கேட்பார். கேட்கட்டும். அதே 60 லட்ச ஃபிளாட்டை விற்று, கடனையும் செலவையும் கழித்தால் ஏறக்குறைய 45 லட்சம். 70 லட்ச வீட்டுக்குச் செலவெல்லாம் சேர்த்து 78 லட்சம் வேண்டும், கடன் 33 லட்சம் போதும். இ.எம்.ஐ. 28,600, நிகர வாடகை 17,500, மாதம் கையிலிருந்து 11,100. மறுகடன் வழியில் 53,700. விற்ற லாபத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் இன்னொரு குடியிருப்பில் போட்டால் மூலதன ஆதாய வரியிலிருந்தும் விலக்கு உண்டு. இரண்டு வீட்டுக்காரர் என்ற பெயர் கிடைக்காது, ஒரு நல்ல வீடு கிடைக்கும். வாங்கப்போகும் வீடு இருக்கும் வீட்டைவிட உண்மையிலேயே மேலானது என்று நீங்கள் நம்பினால், இருப்பதை விற்க ஏன் மனம் வரவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

காகித வேலை

கையெழுத்துப் போடுமுன், கடன் விவரங்களை ஒரே தாளில் தரும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம். விளம்பர வட்டியைப் பார்க்காமல் கட்டணமெல்லாம் சேர்த்த வருடாந்திர விகிதத்தைப் பாருங்கள். கூடவே தள்ளிவிடும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் அதில் தேடுங்கள். டேக் ஓவருக்குப் போகுமுன் இருக்கும் வங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். சில ஆயிரம் கட்டணத்தில் அது முடிந்துவிடலாம். தனிநபர் பெயரிலுள்ள, தொழில் சாராத மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, அதனால் நகர்வதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆவண ஒப்படைப்புப் பதிவு, அதாவது 'மோட்', புதிதாகச் செய்ய வேண்டும். கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, உச்சவரம்போடு. பதிவுக் கட்டணம் தனி. கூட்டுப் பெயரில் வீடு இருந்தால் இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரத்தை இப்போதே தயார் செய்வது நல்லது.

பழைய கடன் அடைந்ததும் பலர் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு. பழைய வங்கியிடம் ரசீது ஆவணம் எழுதி வாங்கிப் பதிவு செய்யாவிட்டால், வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார், அதற்குள் அந்தக் கிளை வேறு கிளையோடு இணைந்து போயிருக்கும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்கித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அடைத்த தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், ரசீது ஆவணத்தின் நகலையும் புது வில்லங்கச் சான்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.